மெர்சிடிஸின் பின்சீட்டு

யாரோ கதவைக் கழற்றுகிறார்கள்...

வாயருகே கொண்டுபோன, ஜாத்தர் பொடி தூவிய ரொட்டித் துண்டை ஹியாம் அப்படியே நிறுத்தினாள். மழைச் சத்தம்தானோ? இல்லை... கிர்ர்... கிர்ர்... ஸ்க்ரூட்ரைவர் திருகும் சத்தம். அதுவும் அவள் உட்கார்ந்திருக்கிற அதே வண்டியின் கதவில்!

ஸர்க்கா நகருக்கு வெளியே, லாரிகள் புழுதி கிளப்பும் சாலையோரம், அவள் வாப்பாவின் காயலான் கடை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செத்த வண்டிகள். கடைசி வரிசையில், சக்கரம் போய் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கும், பின்னால் மீன்வால் போலத் தூக்கிய வால் வைத்த பழைய மெர்சிடிஸ் ஒன்று. அதன் பின்சீட்டுதான் ஹியாமின் மதியச் சாப்பாட்டு அறை, அழுகிற அறை, ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கிற அறை எல்லாம். உம்மா போனபின் அண்ணன் மிஷ்அல் குவைத்துக்குப் போய்விட்டான். வாப்பாவுக்கு முழங்கால் மடங்காமல் போனதிலிருந்து ஏழு வருடமாகக் கடை அவள் தலையில். நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள். "பம்பர் இருக்கா? கியர்பாக்ஸ் இருக்கா?" என்பார்கள். முப்பத்து மூன்று வயதுப் பெண்ணிடம் பம்பரையும் கியர்பாக்ஸையும் தவிர வேறு எதையும் யாரும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்றுகூட.

ஆவி படிந்திருந்த கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தாள். வெளியே மழைத்துளிகள் வழிந்துகொண்டிருந்தன... அந்தத் துளிகளுக்கு நடுவே இரண்டு கண்கள்! நனைந்த இமைகள், தேன் நிறம், திருதிருவென்று.

"பிஸ்மில்லாஹ்!" என்று அலறிக்கொண்டு அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரன் பின்னால் சாய்ந்து சேற்றில் தொப்பென்று விழுந்தான்.

ஹியாம் கதவைத் திறந்தாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யார் நீங்க? யாரைக் கேட்டுக் கை வெச்சீங்க?"

"வண்டி காலின்னு நெனச்சேன்மா... ஜின்னுன்னு பயந்துட்டேன்."

"ஜின்னு உக்காந்து ஜாத்தர் ரொட்டி திங்குமா?"

அவன் அவள் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தான். சட்டை முழுக்கச் சேறு. காதில்கூடச் சேறு. ஆனாலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது... "திங்கிற மாதிரிதான் தெரியுது."

இவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் மரியாதை போய்விடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் பெயர் நிடால். அம்மானில், அஷ்ரஃபிய்யா மேட்டில் குடியிருக்கும் கணக்கு வாத்தியார். இதே மாதிரி வால் வைத்த வண்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குக் குறைகிற பொருளெல்லாம் தேடி ஊர் ஊராகக் காயலான் கடை ஏறி இறங்குகிறவன். கதவுக் கைப்பிடி, டேஷ்போர்டு கடிகாரம், ஹாரன் வளையம் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தான். கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போகிறவன் கையிலிருக்கும் காகிதம் போல அது அவ்வளவு நீளம்.

"எல்லாம் இந்த வண்டியில இருக்கு. நாலு மாசமாத் தேடுறேன்... இன்னைக்கே கழட்டிக்கிறேனே?"

"ஒரு வாரத்துக்கு ஒண்ணுதான்" என்றாள் ஹியாம்.

"என்னது?"

"அவசரமாக் கழட்டுறவன் பாதியை உடைச்சிடுவான். இந்த வண்டிக்கு அதான் சட்டம். வாரத்துக்கு ஒரு பொருள்."

அப்படி ஒரு சட்டமே கிடையாது. எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று அவளுக்கே தெரியவில்லை. தன் அறையை ஒரே நாளில் காலி செய்ய மனம் வரவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கன்னம் மட்டும் ஏன் சுட்டதென்று கேட்டுக்கொள்ளவில்லை.

வாத்தியார் சட்டத்துக்குக் கட்டுப்பட்டான். கதவுக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த சனிக்கிழமை வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

வரும்போதெல்லாம் ஒரே ஒழுங்கு. முதலில் ஆபீஸ் அறைக்குப் போய் வாப்பாவுக்கு சலாம் சொல்வான். பிறகு கடைசி வரிசை. அவன் முன்சீட்டில் உட்கார்ந்து அன்றைய பொருளைக் கழற்றுவான். அவள் பின்சீட்டில். ஊர் வாய் சும்மா இருக்காதே, அதனால் நான்கு கதவும் அகலத் திறந்திருக்கும். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் இரண்டு தலைகள் தெரியும், ஒன்றன்பின் ஒன்றாக, முகம் பார்க்காமல்... ஆனால் முன்னால் ஒரு கண்ணாடி இருந்ததே! அந்தச் சின்னக் கண்ணாடியில் அவன் கண்கள் அவளுக்குத் தெரியும். அவள் கண்கள் அவனுக்கு. வாப்பாவின் ஜன்னலுக்கு அது தெரியாது.

"ஏன் வாத்தியாரே, புது வண்டி வாங்கிட்டுப் போகாம இந்தக் கிழட்டு வண்டியோட எதுக்கு மல்லுக்கட்டுறீங்க?"

"சாயங்காலம் வீட்டுக்குப் போனா பேச ஆள் இல்ல. இது கையில இருந்தா, அடுத்த திருகு எங்கேன்னாவது நெனச்சிட்டு இருக்கலாம்."

சாதாரணமாகத்தான் சொன்னான். எட்டு வருடம் படுக்கையில் கிடந்த உம்மாவைப் பார்த்துக்கொண்டானாம். உம்மா போன வருடம் போய்விட்டாள். கூடப்பிறந்தவர் கிடையாது. வீட்டில் நான்கு அறை இருக்கிறதாம். ஒன்றில் மட்டும்தான் விளக்குப் போடுவானாம்.

ஹியாமுக்கு நெஞ்சை என்னவோ செய்தது. இவனுக்கு ஆறுதல் சொல்ல நான் யார்... எனக்கே ஒரு செத்த வண்டிதானே துணை? பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பாதியாகப் பிய்த்து முன்சீட்டுக்கு நீட்டினாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான் அவன், வாங்கிக்கொள்ளாமல்.

ஏழு வருடத்தில் முதல் தடவை! அவள் பின்கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மழையில்லை அன்று. ஆனாலும் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது.

கடிகாரம் போனது. ஹாரன் வளையம் போனது. சாம்பல் கிண்ணம், ஜன்னல் ஏற்றும் கைப்பிடி, மீட்டர் மூடி... வண்டி வாரா வாரம் மெலிந்துகொண்டே வந்தது. எட்டாவது சனிக்கிழமை ஸ்க்ரூட்ரைவரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்கு என்ன? அந்தக் கண்ணாடியா?"

"இல்ல. அது இருக்கட்டும்."

"அப்புறம் என்னதான் பாக்கி? என்னோட சீட்டு மட்டுந்தான் இருக்கு. அதைக் கேட்டீங்கன்னா கொன்னுடுவேன். எங்க உம்மா போன அன்னைக்கு இதுலதான் வந்து சுருண்டு கிடந்தேன். இதை மட்டும் கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன்" என்றான் அவன். கண்ணாடியில் அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன... அவள்தான் முதலில் தாழ்த்திக்கொண்டாள். அவன் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான்.

காகிதம் முடிந்துவிட்டது. இனி எதற்கு வருவான்? அந்த வாரம் முழுக்க இந்த ஒரே கேள்வியைத் தின்று தின்று ஹியாம் பாதியாகிப் போனாள்.

வந்தான்! முகம் மழித்து, இஸ்திரி போட்ட கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தான். கடைசி வரிசைக்கு வரவில்லை. நேரே ஆபீஸ் அறைக்குள் போனான். காயலான் கடைக்கு யாராவது கோட்டு போட்டுக்கொண்டு வருவார்களா? ஹியாம் ஆபீஸின் பின்பக்கக் கதவு வழியாகச் சமையல் மூலைக்குள் நுழைந்து, பேரீச்சம்பழத் தட்டை எடுத்துக்கொண்டு, கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

அடுப்பைச் சுற்றி வாப்பா, அவர் தம்பி சாச்சா ஃபவ்வாஸ், டயர் வாங்க வந்த இரண்டு பேர். சாச்சாதான் ஏலக்காய் போட்ட கசப்புக் காபியை ஊற்றிச் சின்னக் கோப்பையை நிடாலிடம் நீட்டினார். நிடால் வாங்கினான். குடிக்கவில்லை. குனிந்து, தன் காலடியில் தரையில் வைத்தான்.

டயர் வாங்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்ககிட்ட ஒரு கோரிக்கையோட வந்திருக்கேன் ஹாஜியார்" என்றான். குரல் நடுங்கியது.

காபியைக் குடிக்காமல் கீழே வைப்பதென்றால் ஸர்க்காவில் பச்சைக் குழந்தைக்கும் புரியும். கொலைப் பகையை மன்னிக்கச் சொல்லி வருகிறவர்களும் அப்படித்தான் வைப்பார்கள். பெண் கேட்டு வருகிறவர்களும் அப்படித்தான். வீட்டுக்காரர் 'குடி' என்று சொன்னால் கேட்டது கிடைத்துவிட்டதென்று அர்த்தம். சொல்லும் வரை குடிக்கக் கூடாது. என்ன, பெண் கேட்கிறவன் பெரிய மனிதர்கள் இருபது முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வருவான். அவர்களில் மூத்தவர்தான் கோப்பையை வைத்துப் பேசுவார். இவன் தனியாக வந்திருந்தான்.

வாப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. மகளின் வயதை நினைத்து எத்தனை நாள் தூங்காமல் கிடந்தாரோ... என்ன கோரிக்கை என்றுகூடக் கேட்கவில்லை. கண்கள் கலங்கிவிட்டன.

"குடி மகனே... காபியைக் குடி. நீ வந்த காரியம் முடிஞ்சாச்சு!"

கதவுக்குப் பின்னால் ஹியாம் இடுக்கோடு ஒட்டிக்கொண்டாள். நானா... என்னையா? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்தத் துருப்பிடித்த உலகம் முழுக்க அவளுக்குப் பூத்துக் குலுங்கியது. கையிலிருந்த தட்டு கடகடவென்று ஆடியது.

அந்தச் சத்தத்துக்கு நிடால் திரும்பினான். இடுக்கு வழியாக இருவர் கண்ணும் சந்தித்தன. அவன் முகம் மாறியது. கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக வாப்பா ஃபாத்திஹா ஓதக் கைகளை ஏந்தினார்...

"ஹாஜியார்... நான்... அந்த மெர்சிடிஸோட பின்சீட்டைத்தான் கேக்க வந்தேன்."

ஏந்திய கைகள் ஏந்தியபடியே நின்றன.

"சீட்டா?" என்றார் சாச்சா ஃபவ்வாஸ். அடுத்த நொடி வெடித்துச் சிரித்தார். "அட அல்லாஹ்வே! ஒரு கிழிஞ்ச சீட்டுக்கா கோட்டு போட்டுட்டு வந்து காபியைக் கீழ வெச்சே?"

டயர்க்காரர்களும் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. கைகளை மெல்ல மடியில் போட்டுக்கொண்டார். "எடுத்துக்கோ" என்றார். "வாக்குக் குடுத்தாச்சு. உன்னுது."

நிடால் வெளியே வந்தபோது ஹியாம் கேட்டருகே நின்றிருந்தாள். முகம் செக்கச் செவேலென்று எரிந்தது.

"கேக்க மாட்டேன்னு எங்கிட்டச் சொன்னீங்க. அப்புறம் என் தலைக்கு மேல போயி வாப்பாகிட்ட..."

"ஹியாம், நான் சொல்றதை..."

"நாலு பேர் முன்னால எங்க வாப்பா ஏந்துன கையைக் கீழ போட வெச்சீங்களே வாத்தியாரே! இனிமே இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்காதீங்க."

அவன் சீட்டை எடுக்காமலே போய்விட்டான்.

சாச்சாவின் வாய்க்குப் பூட்டு ஏது? மாலைக்குள் மெக்கானிக் தெரு முழுக்கக் கதை பரவிவிட்டது. ரேடியேட்டர் வாங்க வந்தவன்கூட, "காபி குடிச்சுட்டே கேக்கலாமா, வெச்சுட்டுக் கேக்கணுமா?" என்று கேலி செய்தான். ஹியாம் ரேடியேட்டரைத் தூக்கி அவன் காலடியில் போட்டாள்.

ஒரு சனிக்கிழமை போனது. இரண்டு... மூன்று.

மதியம் ரொட்டியை எடுத்துக்கொண்டு பழையபடி பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். முன்னெல்லாம் இந்த இடத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இப்போது? முன்சீட்டில் ஆள் இல்லை. கடிகாரம் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. கண்ணாடியில் பார்த்தால் இவள் முகம் மட்டும். தனியாக இருப்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் ஒருவன் வந்து போன பிறகு தனியாக இருப்பது வேறாக இருந்தது, அது அவளுக்குப் பழக்கமில்லை. ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துவிட்டு, மீதிப் பாதியை யாருக்கு நீட்டுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவனை வெறுக்க எவ்வளவோ முயன்றாள். வரவில்லை.

"ஹியாம்" என்று கூப்பிட்டார் வாப்பா, நான்காவது சனிக்கிழமை காலையில். "அந்த சீட்டு இன்னும் இங்கயே கிடக்கு."

"கிடக்கட்டும்."

"அது எப்படிக் கிடக்கும்? குடின்னு சொன்னவன் நான். அவனும் குடிச்சுட்டான். எதைக் கேட்டிருந்தாலும் அது அவன் பொருள். நம்ம வீட்ல இருக்கக் கூடாது. கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடும்மா... எனக்கு முழங்கால் இருந்தா நானே போவேன்."

ஹியாம் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போனாள். நான்கு போல்ட்டு. ஒவ்வொன்றும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசி போல்ட்டு கழன்றபோது மழை பிடித்துக்கொண்டது. சீட்டைப் பிக்கப்பில் ஏற்றித் தார்ப்பாயால் மூடினாள். கொண்டுபோய் அவன் வாசலில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட வேண்டும். அம்மான் வரும்வரை இதையே முப்பது தடவை சொல்லிக்கொண்டாள்.

அஷ்ரஃபிய்யா மேட்டில் ரொட்டிக்கடைக்காரர் வழி சொன்னார். "கணக்கு வாத்தியாரா? அதோ அந்த நீலத் தார்ப்பாய் போட்ட வண்டி நிக்குதே, அந்த வீடு."

வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. நல்லதாகப் போயிற்று! வண்டிக்குள்ளேயே சீட்டைத் தள்ளிவிட்டுப் போய்விடலாம். நீலத் தார்ப்பாயைத் தூக்கினாள். பளபளவென்று வால் வைத்த மெர்சிடிஸ்... கதவில் அவள் கொடுத்த கைப்பிடி. டேஷ்போர்டில் அவள் கொடுத்த கடிகாரம். பின்கதவைத் திறந்தாள்.

உள்ளே பின்சீட்டு இருந்தது.

பழுப்புத் தோல். ஒரு கீறல் இல்லை, ஒரு தையல் விட்டுப்போகவில்லை. மடிப்புகளில் பல வருடப் பழைய தூசு. நேற்று இன்று போட்ட சீட்டு அல்ல, வண்டி பிறந்த நாளிலிருந்தே அதில் இருக்கும் சீட்டு.

ஹியாம் மழையில் அப்படியே நின்றாள். இவனுக்கு சீட்டு தேவையே இல்லை. அப்படியென்றால் அன்றைக்கு... அந்தக் கோட்டு... அந்த நடுங்கிய குரல்... காபியைக் கீழே வைத்து அவன் கேட்க வந்தது...

"ஹியாம்?"

மேட்டுப் படியில் நிடால் நின்றிருந்தான். குடை இல்லை. கையில் ஒரு பை. அதில் நான்கு முட்டை, ஒரே ஒரு ரொட்டி. நான்கு வாரத்தில் இளைத்துப்போயிருந்தான். அந்தத் தேன் நிறக் கண்களைச் சுற்றிக் கருவளையம்.

"பொய் சொன்னீங்க" என்றாள் அவள்.

அவன் திறந்திருந்த கதவைப் பார்த்தான். பிக்கப்பைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா."

"ஏன்? எங்க வாப்பா சரின்னு சொல்லிட்டாரே... ஏன் பொய் சொன்னீங்க?"

"அதான். என்ன ஏதுன்னு கேக்காமலே சரின்னுட்டாரு. திரும்பிப் பாத்தா இடுக்குல உங்க முகம்... வெள்ளைவெளேர்னு ஆயிடுச்சு. கையில தட்டு நடுங்குது. அப்பத்தான் உறைச்சுது. எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம், உங்களை ஒரு வார்த்தை யாரும் கேக்கலையே! பிடிக்காமத்தான் நடுங்குறீங்கன்னு நெனச்சேன். சரின்னு சொன்னவரு வாக்கு மாற மாட்டாரு, நீங்களும் வாப்பா பேச்சைத் தட்ட மாட்டீங்க. வேற எதையாவது கேட்டாத்தான் உங்களை விடுவிக்க முடியும்... வாயில வந்தது சீட்டுதான்."

"உலகத்துல வேற சாமானே கிடைக்கலையா?"

"பதட்டத்துல ஒண்ணும் தோணலை."

ஹியாமுக்கு அழுகை வந்தது, சிரிப்பு வந்தது. எது எது என்று மழைக்குத்தான் தெரியும். ஊர் சிரிக்கட்டும் என்று தன் மானத்தை இவன் தூக்கிப் போட்டது அவளுக்காகவா? எட்டு வாரம் அந்தக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தும் என் மனசு இவனுக்குப் புரியவில்லையே, மக்கு!

"நடுங்குனா பிடிக்கலைன்னு எந்தக் கணக்குல வருது வாத்தியாரே?"

அவன் நிமிர்ந்தான்.

"இப்பக் கேளுங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "எங்கிட்ட. கேளுங்க."

பையைக் கீழே வைத்தான். எதற்கு வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை போலிருந்தது. கைகளை என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

"எனக்கு... சனிக்கிழமை தவிர மத்த நாளெல்லாம் நாளாவே தெரியலை ஹியாம். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"வாப்பா குடின்னு சொன்னப்பவே சரின்னுட்டேன்" என்றாள் அவள். "கதவுக்குப் பின்னால நின்னு, மனசுக்குள்ள. ஒரு நிமிஷம்தான் சந்தோஷமா இருந்தேன்... அதுக்குள்ள சீட்டைக் கேட்டுட்டீங்க."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்போது! மழை வழிகிற அந்த இமைகளுக்குக் கீழே அவன் கண்கள் நிறைந்து நின்றன. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"ஆனா இந்தத் தடவை முறையா வரணும்" என்றாள் ஹியாம், முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எங்க வாப்பா ஏந்துன கை வெறுமனே இறங்கக் கூடாது. பெரிய மனுஷங்களைக் கூட்டிட்டு வாங்க. சாச்சா வாயை அடைக்கணும்ல?"

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. தெருவைப் பார்த்தான், பூட்டிக் கிடந்த தன் வீட்டைப் பார்த்தான்.

"எனக்குன்னு கூட வர ஆளே இல்லையே ஹியாம்..."

"நான் இருக்கேன்ல" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு அவன் கீழே வைத்த பையைத் தானே எடுத்துக்கொண்டு, பெண் கேட்க வரும் பெரிய மனிதர்களில் முதல் ஆளாக ரொட்டிக்கடைக்காரரைக் கூப்பிட அவளே தெருவில் இறங்கி நடந்தாள்.